பிரெஞ்சும் மற்ற ஐரோப்பிய மொழிகளும் பட்டப்படிப்பாக: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் பிரெஞ்சை முதன்மைப் பாடமாகவும் ஜெர்மனைத் துணைப் பாடமாகவும் எடுத்துப் படித்தவள். அதற்கப்புறம் இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள், சேர்ந்துவிட்டு முழிப்பவர்கள் என்று யாரிடம் பேசினாலும் சந்தேகங்கள் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் எங்கேயும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

மூணு வருஷம் முழுக்க பிரெஞ்சேவா? அவ்வளவு நாள் என்னதான் சொல்லித் தருவாங்க?

மொழி வகுப்பு மட்டும்தான் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். இலக்கணம், எழுத்து, பேச்சு, மொழிபெயர்ப்பு எல்லாம் உண்டு, ஆனால் அது படிப்பின் ஒரு பகுதிதான். மீதி இலக்கியம், வரலாறு, மொழியியல், சினிமா, அரசியல், கொஞ்சம் தத்துவம்.

ஓர் உதாரணம். 842ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர் நகரில் பேரரசர் சார்லமேனின் பேரன்கள் இரண்டு பேர், மூன்றாவது சகோதரனுக்கு எதிராகக் கைகோத்து உறுதிமொழி எடுத்தார்கள். எதிரே நிற்கும் படைவீரர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் ஜெர்மானிய மொழி பேசும் பகுதியை ஆண்டவர் ரோமானிய மொழியிலும் (லத்தீனிலிருந்து பிறந்த பேச்சு மொழி), மற்றவர் ஜெர்மானிய மொழியிலும் சொன்னார்கள். அந்த ரோமானியப் பகுதியைத்தான் பிரெஞ்சின் முதல் எழுத்துச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒரு சின்ன ஆவணம்தான், ஆனால் லத்தீன் எப்படிச் சிதைந்து பிரெஞ்சானது என்று ஒரு வகுப்பில் அதைப் படிப்பீர்கள், பேரரசு எப்படித் துண்டானது என்று இன்னொரு வகுப்பிலும் அதையே படிப்பீர்கள். இந்தப் படிப்பு இப்படித்தான் ஓடும்.

ஸ்கூல்ல பிரெஞ்சு எடுக்கவே இல்லை. அடிப்படையே தெரியாம சேர முடியுமா?

பல பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலையாளர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, அங்கே முடியும். ஏற்கெனவே படித்தவர்களை மட்டும் சேர்க்கிற இடங்களும் இருக்கின்றன, விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. ஏ1இல் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், பி2இல் ஒரு கருத்தை எடுத்து வாதாடலாம். தொடக்கநிலைப் பிரிவில் சேர்ந்தால் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் பள்ளியிலேயே படித்து வந்தவர்கள் நிற்கும் இடத்துக்கு ஓடிப்போய்ச் சேர வேண்டும், மூச்சு வாங்கும். ஆனால் அவர்களிடம் ஊறிப்போன தப்புகள் உங்களிடம் இருக்காது. என் வகுப்பில் கடைசி ஆண்டு உச்சரிப்பில் முதலாவதாக வந்தவர் சுழியிலிருந்து தொடங்கியவர்தான்.

எந்த மொழி ஈஸி? அதையே எடுத்துக்கலாம்னு பார்க்கறேன்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தர ஒதுக்கும் காலம் ஏறத்தாழ இப்படி: பிரெஞ்சுக்கு 30 வாரம், ஜெர்மனுக்கு 36, ரஷ்யனுக்கு 44, அதுவும் முழுநேரப் பயிற்சி. இந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு, நமக்குக் கொஞ்சம் மாறும்.

ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினை கடைசிக்குப் போய்விடும், ஆங்கிலேயர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், நாமோ பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில்தான் வைக்கிறோம். ஃபின்னிஷில் 15 வேற்றுமைகள் என்று பயமுறுத்துவார்கள். ‘தாலோ’ என்றால் வீடு, ‘தாலொஸ்ஸா’ வீட்டில், ‘தாலொஸ்ஸானி’ என் வீட்டில். உருபை ஒட்டிக்கொண்டே போவது நமக்குப் புதுசா என்ன? பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களும் அப்படித்தான். பேச்சில் ‘மரம்’, ‘வந்தான்’ என்று சொல்லிப் பாருங்கள், கடைசி மெய் முழுதாக ஒலிக்காமல் மூக்கில் கரைந்துபோகும், அதுதான் அது. தொண்டையிலிருந்து வரும் ‘ர’வும், ‘ஊ’வுக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்ல வேண்டிய அந்த உயிரும்தான் நிஜமாகவே புதுசு.

ஆனாலும் ஈஸி என்பதற்காக ஒரு மொழியை எடுக்காதீர்கள். எந்த மொழியில் எழுதியதை மூன்று வருஷம் சலிக்காமல் படிப்பீர்களோ அதை எடுங்கள்.

இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சா பாதி பிரெஞ்சு தெரிஞ்ச மாதிரின்னு சொல்றாங்களே, நிஜமா?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன, அதனால் செய்தித்தாளில் கால்வாசி முதல் நாளே முகம் தெரிந்த மாதிரி இருக்கும். ஆபத்தும் அங்கேதான். ‘ஆக்சுவெல்மான்’ என்றால் ‘தற்போது’, ஆங்கிலத்தின் ‘ஆக்சுவலி’ இல்லை. ‘லிப்ரேரி’ புத்தகக் கடை, நூலகம் அல்ல. மற்ற மொழிகளிலும் இதே கதை: ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு, ஸ்பானிஷில் ‘எம்பராசாதா’ என்றால் கர்ப்பிணி. கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல வந்து வகுப்பில் கர்ப்பத்தை அறிவித்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மேசை பெண்ணாம், புத்தகம் ஆணாம். இதை எப்படி மனப்பாடம் பண்றது?

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது, அங்கே சொல்லைப் பார்த்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மேசையில் பெண் தன்மையைத் தேடாதீர்கள். சொல்லின் வாலைப் பாருங்கள். பிரெஞ்சில் ‘சியோன்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், ‘மான்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். ஜெர்மனில் ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’ என்று முடிந்தால் பெண்பால், ‘ஷென்’ என்ற சிறுமை விகுதி வந்தால் அஃறிணை மாதிரியான மூன்றாம் பால். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ அந்தப் பாலில் இருப்பதற்குக் காரணம் அந்த விகுதிதான். கேட்டதும் சிரிக்கிறோம், ஆனால் ‘குழந்தை அழுகிறது’ என்று நாமும்தான் சொல்கிறோம்.

எந்தப் பெயரையும் அதன் முன்னொட்டான ‘ல’ அல்லது ‘லா’வோடு சேர்த்து ஒரே சொல்லாக மனதில் போடுங்கள். பிரித்துப் படித்தால் பின்னால் ஒட்டவே ஒட்டாது.

எழுதறது ஒண்ணு, படிக்கறது ஒண்ணு. ஏன் இப்படி வதைக்கறாங்க?

‘விரல்’ என்பதற்கான சொல் ‘த்வா’ என்று ஒலிக்கும், எழுத்திலோ நடுவே ஒரு ‘க’ சும்மா உட்கார்ந்திருக்கும். லத்தீன் ‘டிகிட்டுஸ்’ நினைவுக்கு வரட்டும் என்று படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. இப்படிப் பல சொற்கள். 1990இல் ஒரு சீர்திருத்தம் வந்து சுமார் 2,000 சொற்களின் எழுத்து எளிதாக்கப்பட்டது, ஆனால் பழசும் செல்லும் புதுசும் செல்லும் என்று விட்டுவிட்டார்கள். 1635இல் தொடங்கிய, 40 உறுப்பினர் கொண்ட பிரெஞ்சு அகாதமி மொழிக்குக் காவல் நிற்கிறது என்பார்கள், ஆனால் தெருவில் பேசுபவரை அதனால் என்ன செய்ய முடியும்?

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி உங்களுக்கு அதிர்ச்சி தரத் தேவையில்லை. எழுத்தில் ‘வருகிறார்கள்’, பேச்சில் ‘வர்றாங்க’ என்று இரண்டையும் ஒரே தலையில் வைத்திருப்பவர்கள் நாம். பிரெஞ்சில் கதை எழுத மட்டும் ஓர் இறந்தகாலம் இருக்கிறது, வாயால் யாரும் சொல்வதில்லை. எதிர்மறைக்கு இரண்டு துண்டு வேண்டும் என்று இலக்கணம் சொல்லும், பேச்சில் முதல் துண்டு பறந்துவிடும். இரண்டு பிரெஞ்சு இருக்கிறது என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு இரண்டு குறிப்பேடு போடுங்கள்.

நான் பேசக் கத்துக்கத்தான் வந்தேன். பழைய நாவலும் கவிதையும் எனக்கு எதுக்கு?

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது, கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். பேச மட்டும் வேண்டும் என்றால் பட்டப்படிப்பு சுற்றுவழி, நல்ல மொழி வகுப்பு போதும், நேரமும் மிச்சம். அதைச் சொல்லிவிட்டு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1857இல் பாரிஸில் நாவலாசிரியர் ஃப்ளோபேர் மீது ஒழுக்கக்கேடு வழக்கு, திருமணத்துக்கு வெளியே காதல் தேடும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவலுக்காக. அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார் அந்தப் பெண் தன் காதலை நினைத்துப் பூரிக்கும் வரிகளை எடுத்துக் காட்டி, பாருங்கள், ஆசிரியர் கள்ளக்காதலைப் போற்றுகிறார் என்றார். அந்த வரிகளில் ‘என்று அவள் நினைத்தாள்’ கிடையாது, மேற்கோள் குறியும் கிடையாது. அவள் மனதின் குரல், ஆனால் படர்க்கையில், தொடர்ந்து நடக்கும் இறந்தகால வினைமுற்றில், கதைசொல்லியின் குரலோடு கலந்து ஓடும். அது யார் குரல்? ஆசிரியருடையதா அவளுடையதா? ஒரு மனிதர் குற்றவாளியா இல்லையா என்பது ஒரு வினைமுற்றை எப்படி வாசிக்கிறோம் என்பதில் வந்து தொங்கியது. ஃப்ளோபேர் விடுதலையானார். அதே ஆண்டு, அதே பினார், இந்த முறை போத்லேரின் கவிதைகள்: அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு 1949இல்தான் ரத்தானது.

இதைப் படிக்கும் வரை அந்த வினைமுற்று எனக்குப் பயிற்சிப் புத்தகத்தில் நிரப்ப வேண்டிய கோடிட்ட இடம் மட்டும்தான். அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தப்பாகப் போட்டதில்லை. (சரி, ஒன்றிரண்டு தடவை.) இலக்கணத்தை ஒரு பக்கம், இலக்கியத்தை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்பவர்கள்தான் இரண்டிலும் சிரமப்படுகிறார்கள்.

கட்டுரையில ‘கருத்து இருக்கு, அமைப்பு இல்லை’ன்னு எழுதித் தர்றாங்க. என்ன அமைப்பு?

பிரெஞ்சுக் கல்வி மரபில் கட்டுரை என்பது ஒரு சடங்கு மாதிரி. தலைப்பை அப்படியே விளக்கக் கூடாது, அதற்குள் ஒளிந்திருக்கும் சிக்கலை ஒரு கேள்வியாக எடுத்து முன்னுரையில் வைக்க வேண்டும். அப்புறம் பெரும்பாலும் மூன்று பகுதி: ஒரு நிலைப்பாடு, அதை அசைக்கும் எதிர் நிலைப்பாடு, இரண்டையும் தாண்டிப் போகும் மூன்றாவது. மூன்றாவது பகுதியில் ‘இரண்டுமே சரிதான்’ என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. பத்தி விளக்கம் என்பது வேறு. அங்கே பெரிய பாவம், ஆசிரியர் சொன்னதையே உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வது. என்ன சொல்கிறார் என்பதை விடுங்கள், எப்படிச் சொல்கிறார், அதனால் வாசிப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை எழுதுங்கள். போன பதிலில் வந்த வினைமுற்று விவகாரம் மாதிரி.

ஜெர்மன் துறைகளில் பருவ முடிவில் அடிக்குறிப்போடு நீண்ட ஆய்வுக் கட்டுரை கேட்பார்கள். இத்தாலியில் தேர்வுகள் நிறைய வாய்மொழியாகவே நடக்கும், பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

20க்கு 12தான் வந்திருக்கு. நான் இதுக்கு லாயக்கில்லையோ?

பிரெஞ்சு முறையில் 10 வந்தால் தேர்ச்சி, 12 பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. 20 எதிர்பார்க்காதீர்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி, அதனால் சின்ன எண்ணைப் பார்த்து அழாதீர்கள். இத்தாலியில் 30க்கு 18 தேர்ச்சி.

பிரெஞ்சு கலாச்சாரம்னா பாரிஸ்தானே? அப்படித்தான் பாடமும் இருக்குமா?

முன்பு அப்படி இருந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை. செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் ஒரு கவிஞர், மேலே சொன்ன அகாதமிக்கு 1983இல் தேர்வான முதல் ஆப்பிரிக்கர். அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 2005இல் தேர்வானார். காலனியாக ஆண்டவர்களின் மொழியில் எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வியே ஒரு முழுப் பருவத்துக்குப் பாடமாகும். ஸ்பானிஷ் எடுத்தால் லத்தீன் அமெரிக்கா, போர்ச்சுகீஸ் எடுத்தால் பிரேசில், இவை இல்லாமல் பாடமே நகராது. எண்களைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள்: பிரான்ஸில் 70 என்பது ‘அறுபது-பத்து’, 90 என்பது ‘நான்கு-இருபது-பத்து’. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் ‘செப்டாந்த்’, ‘நோனாந்த்’ என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பிரான்ஸுக்குள்ளேயும் எல்லாம் ஒரே பிரெஞ்சாக இருந்ததில்லை. அரசு ஆவணங்கள் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்று மன்னர் முதலாம் பிரான்சுவா 1539இல் ஆணையிட்டார். அதற்கு இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1794இல், பாதிரியார் கிரெகுவார் புரட்சி அவைக்குக் கொடுத்த அறிக்கையில் பிரெஞ்சைச் சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்கிறார். மீதிப்பேர் பிரெத்தோன், ஒக்சிதான், பாஸ்க், அல்சாஸ் மொழி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவற்றை ஒழிக்க வேண்டும் என்பதுதான் அவர் அறிக்கையின் நோக்கமே. மொழி அரசியல் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பாடம் சும்மா வரலாறாக ஒலிக்காது.

ரெண்டு மொழி சேர்த்து எடுத்தா குழம்பிடுமா?

குழம்பும், முக்கியமாக ஸ்பானிஷும் இத்தாலியனும் போல நெருங்கிய உறவு இருந்தால். ‘பூர்ரோ’ என்றால் இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானிஷில் கழுதை. ஒன்றில் பி1 தாண்டிவிட்டு மற்றதைத் தொடங்கினால் சேதம் குறைவு. பிரெஞ்சும் ஜெர்மனும் மாதிரி விலகி நிற்பவற்றை ஒன்றாகவே தொடங்கலாம், நான் அப்படித்தான் செய்தேன், குழப்பத்தைவிட நேரம் போதாததுதான் பிரச்சினையாக இருந்தது.

டெல்ஃப் சான்றிதழ் வாங்கிட்டா பட்டம் எதுக்கு?

டெல்ஃப் பிரெஞ்சு மொழித்திறனுக்கான சான்றிதழ், ஏ1 முதல் பி2 வரை, அதற்கு மேல் சி1, சி2க்கு டால்ஃப். இரண்டும் காலாவதி ஆகாது. டிசிஎஃப் என்ற தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும், இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பிரெஞ்சு வழியில் நடக்கும் படிப்புகளுக்குப் பொதுவாக பி2 ஆவது கேட்பார்கள். இந்தச் சான்றிதழ் உங்கள் மொழி எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். முதல் கேள்வியில் சொன்ன மற்றதெல்லாம் பட்டத்தில்தான் வரும். முடிந்தால் இரண்டும் வாங்குங்கள், ஏனென்றால் பட்டத்தைப் பார்த்து உங்கள் பிரெஞ்சு எப்படி என்று வேலை தருபவருக்குத் தெரியாது.

அந்த நாட்டுல ஒரு வருஷம் இருந்தா தானா வந்துடும்னு சொல்றாங்க.

தானாக எதுவும் வராது. 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு பருவமோ ஒரு வருஷமோ வேறு நாட்டில் படிப்பது ஐரோப்பிய மாணவர்களுக்குச் சாதாரண விஷயமாகிவிட்டது, பல மொழித் துறைகளில் அது கட்டாயமும்கூட. போகும் கூட்டத்தில் பாதிப்பேர் ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசியே திரும்பி வருகிறார்கள். பிரான்ஸில் பள்ளிகளில் மொழி உதவியாளராகச் சேர்ந்தால் வாரம் 12 மணி நேரம்தான் வேலை, வழக்கமாக ஏழு மாதம். மீதி நேரத்தில் அறைக்குள் உட்கார்ந்தால் போனதே வீண். பாட்டுக் குழு, கால்பந்து, மலையேற்றம் என்று உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருக்கும் ஏதாவது ஒன்றில் சேருங்கள். முதல் இரண்டு மாதம் ஊமை மாதிரி இருப்பீர்கள், நானும் இருந்தேன். போக முடியவில்லை என்றால் படிப்பு பாழ் என்று இல்லை, வாரம் இரண்டு முறை பேச ஓர் ஆள் தேடிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவி எல்லாத்தையும் செஞ்சிடுதே, இன்னும் எதுக்கு இதைப் படிக்கணும்?

கருவி நன்றாகவே செய்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’ என்று நீ, நீங்கள் வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஒரு நாவலில் நூறு பக்கம் ‘நீங்கள்’ சொன்னவர் ஒரு வரியில் ‘நீ’க்கு மாறினால் அது காதலாக இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம். ஆங்கிலம் வழியாக வந்த மொழிபெயர்ப்பில் அந்த இடம் தடமில்லாமல் போயிருக்கும். ஒப்பந்தத்திலும் கடிதத்திலும் இதே மாதிரி இடங்கள் உண்டு. கருவி தந்ததில் எந்த வரி தப்பு என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவருக்குத்தான் இனி மொழிபெயர்ப்பு வேலை. வெறும் வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றித் தருவதை நம்பி வராதீர்கள்.

கடைசியில வேலை கிடைக்குமா, அதைச் சொல்லுங்க.

கற்பித்தல், மொழிபெயர்ப்பு, பதிப்புத் துறை, சுற்றுலா, பன்னாட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பிரிவு, இதழியல். இவைதான் வழக்கமான பாதைகள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 ஆட்சிமொழிகள், ஐநாவுக்கு ஆறு, அதனால் அங்கே மொழி தெரிந்தவர்கள் தேவைதான், போட்டியும் கடுமைதான். உடனடி மொழிபெயர்ப்பாளராகக் கூட்டங்களில் பேச இளங்கலை போதாது. அந்தத் தொழிலில் தாய்மொழி அளவிலான மொழியை ஏ என்றும், நன்றாகப் பேசும் மொழியை பி என்றும், கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியை சி என்றும் பிரிப்பார்கள். முன்னால் சொன்ன ஏ1, பி2 படிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் அபிப்பிராயம்: மொழி தனியாக நின்றால் சம்பளம் மெல்லத்தான் ஏறும். சட்டம், பொருளாதாரம், கணினி என்று இன்னொன்றோடு சேர்த்துப் படிக்க வாய்ப்பிருந்தால் எடுங்கள்.

ரெண்டு வருஷமாச்சு. நாவல் படிக்கறேன், கட்டுரை எழுதறேன், ஆனா ஒரு படம் பார்த்தா ஒண்ணுமே புரியல. என்ன தப்பு பண்றேன்?

தப்பு எதுவும் இல்லை, நீங்கள் எழுத்து பிரெஞ்சை மட்டும் படித்திருக்கிறீர்கள். எழுத்தும் பேச்சும் பற்றிய கேள்வியில் சொன்ன அந்த இரண்டாவது குறிப்பேடு காலியாக இருக்கிறது. பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாதி எழுத்து விழுங்கப்படும், போதாக்குறைக்கு இளைஞர்கள் அசைகளைத் திருப்பிப் போட்டுப் பேசுவார்கள், பெண் என்ற ‘ஃபாம்’ அங்கே ‘மெஃப்’ ஆகியிருக்கும். இந்தப் பேச்சு எந்த நாவல் பாடத்திலும் காதில் விழுந்திருக்காது.

முழுப் படம் வேண்டாம், மூன்று நிமிடக் காட்சி ஒன்று எடுங்கள். முதலில் திரையில் வசன எழுத்து ஓடாமல் கேளுங்கள், அப்புறம் பிரெஞ்சு எழுத்தோடு (ஆங்கில எழுத்து வேண்டவே வேண்டாம்), எங்கே எது விழுங்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, மறுபடி எழுத்தில்லாமல். பிறகு அந்த ஆள் பேசும் வேகத்திலேயே நீங்களும் சொல்லிப் பாருங்கள், வாய்க்கு வந்தால் காதுக்கும் பிடிபடும். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று, அதுவும் தினமும் செய்து. அதற்குப் பிறகும் நகைச்சுவைப் படங்களில் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.